வானலைப் பங்கீடும் ஆளில்லா நிலையங்களும்

ஹாம் வானொலியர் இருபது மீட்டர் பட்டை என்று வழங்கும் அலைப்பட்டை 14.000 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 14.350 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதன் அகலம் 350 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. நம் வீட்டுப் பண்பலை வானொலியில் ஒரு நிலையம் எடுத்துக்கொள்ளும் இடமே ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ். இரண்டு பண்பலை நிலையங்களை அருகருகே நிறுத்தவும் போதாத இந்த இடத்தில்தான் உலகெங்கும் உரிமம் பெற்ற ஆர்வலர்கள் மோர்சு குறி தட்டுகிறார்கள், பேசுகிறார்கள், எழுத்தும் படமும் அனுப்புகிறார்கள். கதிரவன் கைகொடுக்கும் நாள்களில் இங்கே நூறு வாட் திறன் கண்டங்களைக் கடந்து செல்லும். ஆகவே இந்தப் பட்டையின் நெரிசல் ஓர் ஊரின் நெரிசல் அன்று, பாதி உலகின் நெரிசல்.

இந்த இடத்தில் எவருக்கும் பட்டா கிடையாது. எந்த அதிர்வெண்ணும் எந்த நிலையத்துக்கும் சொந்தமன்று என்பது ஹாம் வானொலியின் அடிப்படை நெறி. அலைபரப்பத் தொடங்குமுன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாரேனும் அங்கே இருந்தால் விலகிச் செல்ல வேண்டும். நெடுங்காலம் இந்த நெறி மனிதச் செவியையே நம்பி நின்றது. டிஜிட்டல் என்று பரவலாக அறியப்படும் எண்ணிம முறைகள் வந்தபின் செவியின் இடத்தில் கணினி அமர்ந்தது. அடுத்த கட்டமாக, உரிமையாளர் உறங்கும்போதும் தானே அழைத்து, தானே விடையளித்து, தானே அஞ்சல் பரிமாறும் நிலையங்கள் வந்தன. செவியை நம்பி எழுந்த ஒரு நெறிக்குச் செவியில்லாப் பொறி எவ்வாறு கட்டுப்படும்? தானியங்கி முறைகளை வானலையிலிருந்து விரட்ட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் ஒரு பொறிக்கு எந்த அளவுக்குக் கேட்கும் ஆற்றல் உண்டோ அந்த அளவுக்கு மட்டுமே அதற்கு வானலையில் இடம் தரலாம்.

தானியங்கி நிலையங்கள் சண்டையின்றி ஒன்றுகூடி வாழ இயலும் என்பதற்குச் சிறந்த சான்று 14.100 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கே உலகின் 18 இடங்களிலிருந்து 18 அறிகுறி நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கின்றன. பீக்கன் என்று ஹாம்கள் அழைக்கும் இவற்றை வட கலிபோர்னிய ஆர்வலர்களின் அறக்கட்டளை ஒன்றும் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியமும் இணைந்து நடத்துகின்றன. 1979-இல் கலிபோர்னியாவில் ஒற்றை நிலையமாகத் தொடங்கிய முயற்சி இது. நியூயார்க்கின் ஐக்கிய நாடுகள் அவையில் ஒன்று, கனடாவின் வடபுலத்தில் ஒன்று, ஹவாயில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, கென்யாவில் ஒன்று, பெருவில் ஒன்று எனப் பூமியைச் சுற்றி இவை நிற்கின்றன. பத்தாவதாக வருவது இலங்கையின் 4எஸ்7பி.

ஒவ்வொரு நிலையத்துக்கும் பத்து நொடிகள். 18 நிலையங்களுக்கு 180 நொடிகள், அதாவது சரியாக மூன்று மணித்துளிகள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சுற்று தொடங்கி 90 நொடிகள் ஆனதும் இலங்கையின் முறை வரும். முதலில் மோர்சில் அழைப்புக் குறி ஒலிக்கும். பின்னர் ஒவ்வொரு நொடி நீளமுள்ள நான்கு கோடுகள் வரும். அழைப்புக் குறியும் முதற் கோடும் 100 வாட்டில், இரண்டாம் கோடு 10 வாட்டில், மூன்றாவது 1 வாட்டில், நான்காவது வாட்டில் பத்தில் ஒரு பங்கில். அந்த நான்காம் கோடு உங்கள் காதுக்கு எட்டிவிட்டால் அன்றைய வானம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எந்தக் கருவியும் இன்றி அறிந்துகொள்ளலாம். பத்து நொடி முடிந்ததும் கொழும்பு இந்த அதிர்வெண்ணைத் தென்னாப்பிரிக்காவுக்கு விட்டுவிட்டு 18.110 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறும்; பின்னர் 21.150, 24.930, 28.200. ஐம்பது நொடிகளில் ஐந்து பட்டைகளையும் தொட்டு, எஞ்சிய 130 நொடிகள் அமைதி காக்கும்.

ஏரிப்பாசன ஊர்களில் நீர்பாய்ச்சி முறை வைத்து வயலுக்கு வயல் மடை திறந்து அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. இங்கே நீர்பாய்ச்சியின் வேலையைச் செயற்கைக்கோள் தரும் நேரம் செய்கிறது. எந்த நிலையமும் மற்றொன்றைக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையே எழாதபடி நேரம் முன்கூட்டியே பங்கிடப்பட்டுவிட்டது. ஆனால் யார் யார், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் முன்னரே தெரிந்திருந்தால்தான் இம்முறை செல்லும். வழிப்போக்கர் எவரும் நுழையக்கூடிய பொதுவெளியில் இது மட்டும் போதாது.

பொதுவெளியில் நேரப் பங்கீட்டை அறிவுடன் புகுத்திய முறை எஃப்டி8. 2017-இல் இதை வெளியிட்டவர்கள் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும். இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்ததற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசை ரசல் ஹல்சுடன் பகிர்ந்துகொண்டவர் டெய்லர். விண்வெளி இரைச்சலில் புதைந்த மெல்லிய துடிப்பைத் தோண்டியெடுத்த அதே அறிவு இங்கே ஹாம்களின் மேசைக்கு வந்தது. நாளின் ஒவ்வொரு மணித்துளியும் நான்கு 15 நொடிக் கட்டங்களாகப் பிரிகிறது. அழைப்பவர் ஒரு கட்டத்திலும் விடையளிப்பவர் அடுத்த கட்டத்திலும் அனுப்புகிறார்கள். செய்தியின் நீளம் 12.64 நொடி, அது பிடிக்கும் அகலம் 50 ஹெர்ட்ஸ். பேச்சின் அகலத்தில் அளந்தால் இரைச்சலின் திறனில் நூற்றில் ஒரு பங்கே உள்ள குறியையும் பிழைதிருத்தக் குறியீட்டின் துணையால் இது மீட்டெடுக்கும். 14.074 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் மூன்று கிலோஹெர்ட்ஸ் சாளரத்தில் அறுபது உரையாடல்கள் உரசாமல் நிற்க இடமுண்டு.

இந்த இடத்தில் ஓர் அளவுகோலை முன்வைக்க விரும்புகிறேன். ஒரு செய்தி வானலையில் பிடிக்கும் அகலத்தை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்குங்கள். எஃப்டி8 செய்தி ஒன்றுக்கு 50 ஹெர்ட்ஸை 12.64 நொடியால் பெருக்க 632 கிடைக்கிறது. விஸ்பர் என்ற மற்றொரு முறையும் டெய்லருடையதே, 2008-இல் வந்தது. ஒரு நிலையத்தின் அழைப்புக் குறி, இருப்பிடம், திறன் ஆகிய மூன்றை மட்டும் 50 பிட்டுகளுக்குள் அடக்கி ஏறத்தாழ இரண்டு மணித்துளிகள் மெல்ல மெல்ல முணுமுணுப்பது அது. அதன் அகலம் 6 ஹெர்ட்ஸ், நேரம் 110.6 நொடி, பெருக்கினால் 664. ஒன்று விரைவானது, மற்றது ஆமை நடையினது. ஆயினும் வானலையில் இரண்டின் காலடித் தடமும் ஏறத்தாழ ஒன்றே. அதே பதினைந்து நொடிக் கட்டத்தில் 2,700 ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒருவர் பேசினால் எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டும். பேச்சு வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மனிதர் பேசுவதற்காகவே இந்தப் பட்டைகள் பிறந்தன. ஒரு தானியங்கி முறை பிறருக்கு இடைஞ்சலா என்று தீர்மானிக்கும்போது அதன் பெயரையோ வேகத்தையோ பாராமல் இந்தப் பெருக்கற்பலனைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விஸ்பர் முழுக்கத் தானாக இயங்கக்கூடியது. அது 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கீற்றுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது, சிறு திறனில் இயங்குகிறது, எந்தக் கட்டத்தில் அனுப்புவது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பெரும்பாலான நேரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் புகார் மிகக் குறைவு. எஃப்டி8 மென்பொருளோ செய்தி வரிசையைத் தானே நடத்தினாலும் தொடக்கத்தை மனிதன் கையில் விட்டிருக்கிறது. இயக்குபவர் கைவைக்காமல் சில மணித்துளிகள் கடந்தால் அலைபரப்பை நிறுத்திவிடும் காவற்கடிகாரம் ஒன்று அதில் உண்டு. அமெரிக்க ஹாம் கழகமும் தன் நாட்டுவரிசைச் சிறப்புச் சான்றுக்கு இரு முனையிலும் மனிதர் நேரடியாகத் தொடங்கிய தொடர்புகளையே ஏற்கிறது. அந்தக் காவற்கடிகாரத்தை ஏமாற்ற ஒட்டுநிரல் எழுதுவோர் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது தவறு.

இனிச் சிக்கலான பகுதிக்கு வருவோம். முன்னேற்பாடு இல்லாத பலர் ஒரே அதிர்வெண்ணைப் பகிர்வது எப்படி என்ற வினாவைக் கணிதத்தோடு முதலில் எதிர்கொண்ட வானொலி வலை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹா. நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் 1971-இல் இயங்கத் தொடங்கியது. தீவுகளில் இருந்த கணினி முனையங்கள் நினைத்தபோது அனுப்பும். இரண்டு பொதிகள், அதாவது செய்தித் துண்டுகள், மோதிக்கொண்டால் ஏற்புக் குறி வராது. தற்போக்கான ஒரு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பும். இப்படி நடத்தினால் அலைவரிசையின் கொள்திறனில் உச்சமாக 18.4 விழுக்காடே பயன்படும். நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பச் செய்தால் அது இரட்டிப்பாகி 36.8 ஆகும். கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதன் பயன் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் அளக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

1978-இல் கனடாவின் மான்ட்ரியால் ஹாம்கள் இதுபோல் பொதிகளை அனுப்பும் பொதி வானொலியைத் தொடங்கினர். அவர்களுக்குப் பின்வந்தோர் வகுத்த ஏஎக்ஸ்.25 நெறிமுறையில் அனுப்புமுன் கேட்கும் பழக்கம் உண்டு. அலைவரிசை காலியானவுடன் எல்லோரும் ஒருசேரப் பாய்ந்துவிடாதபடி அடுத்த நிலையில் ஒரு தற்போக்கும் சேர்க்கப்பட்டது. நூறு மில்லிநொடிக்கு ஒருமுறை மென்பொருள் சீட்டுக் குலுக்கும். நான்கில் ஒன்று விழுந்தால் அனுப்பும், இல்லையேல் அடுத்த நூறு மில்லிநொடி காத்திருக்கும். பார்வைக்கு எளிய ஏற்பாடு. ஆனால் இதையும் ஏமாற்றும் ஒரு நிலைமை உண்டு. மலையுச்சியில் ஒரு மறுபரப்பி இருக்கிறது. மலையின் இருபுறமும் இரண்டு வீடுகள். இரு வீட்டாரும் மறுபரப்பியைக் கேட்பார்கள், ஒருவரையொருவர் கேட்கமாட்டார்கள். இருவருக்கும் அலைவரிசை காலியாகவே தோன்றும், இருவரும் அனுப்புவார்கள், மலையுச்சியில் மோதல் நிகழும். மறைநிலையம் எனப்படும் இச்சிக்கலுக்கு 1990-இல் ஃபில் கார்ன் என்ற ஹாம் ஒரு வழி சொன்னார். அனுப்ப விரும்புபவர் ஒரு சிறு வேண்டுகோள் விடுக்கட்டும், பெறுபவர் ‘அனுப்பலாம்’ என்று இசைவு தரட்டும், அந்த இசைவைக் கேட்ட மற்ற எல்லோரும் வாய்மூடி இருக்கட்டும் என்றார். இன்று நம் வீடுகளிலுள்ள வைஃபை தரத்தில் இந்த வேண்டுகோளும் இசைவும் இடம்பெற்றிருக்கின்றன. ஆர்வலர் ஒருவர் தம் பொழுதில் சிந்தித்தது உலகுக்கே பயன்பட்டதை எண்ணிப் பெருமை கொள்ளலாம்.

ஆனால் சிற்றலைப் பட்டைகளில் மறைநிலையச் சிக்கல் மலையளவில் நிற்பதில்லை, வானமே மறைக்கிறது. பகலில் 14 மெகாஹெர்ட்ஸ் அலை நிலத்தை ஒட்டிச் சில பத்துக் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். மேலெழுந்த அலை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்து அயனிமண்டலத்தில் வளைந்து, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான் தரையிறங்கும். இடைப்பட்ட வளையத்தில் எதுவும் கேட்காது. பெர்லினும் மியூனிக்கும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. பெரும்பாலான பகல்களில் இவ்விரு நகரத்தாரும் 14 மெகாஹெர்ட்ஸில் ஒருவரையொருவர் கேட்பதில்லை. ஆனால் நியூயார்க்கில் இருப்பவருக்கு இருவரும் தெளிவாகக் கேட்பார்கள். அவ்வாறாயின் பெர்லினில் ஒருவர் எவ்வளவு நேர்மையாகக் காது கொடுத்துக் கேட்டாலும் மியூனிக்கின் உரையாடலை அவரால் அறிய இயலாது.

இதனோடு தானியங்கி நிலையத்தைச் சேர்த்துப் பாருங்கள். விண்லிங்க் என்பது ஹாம் வானொலி வழியாக மின்னஞ்சல் கொண்டு செல்லும் உலக வலை. இதன் முன்னோடி நிரலை எழுதியவர் விக் பூர். இன்றைய செயலிகளின் மூதாதையான இன்டெல் 8008-இன் கட்டளைத் தொகுதி உருவானதிலும் பங்குள்ளவர் அவர். கடலோடும் சிறு படகினர் வானிலைப் படம் பெறவும், புயலால் தொலைபேசி அற்ற ஊர்களிலிருந்து செய்தி வெளியேறவும் இவ்வலை உதவுகிறது. இதன் நுழைவாயில் நிலையங்கள் ஆளின்றி இயங்குபவை. அழைக்கும் படகில் மனிதர் இருக்கிறார்; அவர் கேட்கிறார், காலியாக இருக்கிறது, அழைக்கிறார். விடையளிக்கும் நுழைவாயிலோ வேறொரு கண்டத்தில், வேறொரு வானத்தின் கீழ் இருக்கிறது. அங்கே அதே அதிர்வெண்ணில் இருவர் மெல்லிய மோர்சில் உரையாடிக்கொண்டிருக்கலாம். இவ்வலையில் பயன்படும், ஜெர்மனியில் உருவான பாக்டர் முறையின் முதல் வடிவத்தில் 1.25 நொடிக்கு ஒருமுறை சுழற்சி: 0.96 நொடி பொதி, சிறு இடைவெளி, ஏற்புக் குறி, மீண்டும் பொதி. பிழை வந்தால் அதே பொதி மீண்டும் மீண்டும் வரும். விடாமுயற்சி பொறியின் நற்குணம். நடுவே அகப்பட்ட மோர்சு உரையாடலுக்கு அது முடிவு. பிந்தைய பாக்டர் வடிவங்களில் சில 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விரிபவை. 31 ஹெர்ட்ஸ் அகலமே உள்ள பிஎஸ்கே31 என்ற எண்ணிம எழுத்து முறையின் உரையாடல்கள் பலவற்றை ஒரே அழைப்பு மூடிவிடும்.

படகோட்டியின் மேல் குற்றமில்லை. நுழைவாயிலை நிறுவியவரும் தொண்டு மனத்தோடுதான் நிறுவினார். குற்றம், விடையளிக்கும் முனைக்குக் காது பொருத்தாமல் விட்டதில் இருக்கிறது. அலைவரிசையில் வேறு குறி உண்டா என்று ஆராயும் உறுப்பு இன்று பல மோடம்களில் உண்டு. அதை இயக்கி வைத்தால் நுழைவாயில் விடையளிக்காமல் அமைதி காக்கும். படகோட்டி வேறு அதிர்வெண்ணை நாடுவார். அஞ்சல் சில மணித்துளிகள் தாமதமாகும், அவ்வளவே.

நெருக்கடி நேரத்தில் தாமதம் கூடாதே என்பார்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழுவினர் அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தபோது ஆழிப்பேரலை தாக்கியது. தொலைபேசி அற்றுப்போன அந்த நாள்களில் தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே அவர்களுடைய நிலையம் செய்தி சுமந்தது. அத்தகைய வேளையில் வேண்டப்படுவது காலியான அதிர்வெண். கேளாமல் நுழையும் பொறி ஒன்று அன்று அந்த அதிர்வெண்ணில் எழுந்திருந்தால் என்னவாகியிருக்கும்? நெருக்கடி என்ற காரணமே பொறிக்குக் காது வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது.

கேட்கக் கற்றுக்கொண்ட பொறிக்கு எடுத்துக்காட்டு ஏஎல்இ எனப்படும் தானியங்கித் தொடர்பாக்க முறை. அமெரிக்கப் படைத்துறை 1980-களில் தரப்படுத்திய இதை ஹாம்களும் எடுத்துக்கொண்டனர். எட்டுத் தொனிகள் 750 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரை 250 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும். நொடிக்கு 125 தொனிகள். நிலையம் ஓய்வில் இருக்கும்போது அதன் ஏற்பி நொடிக்கு இரண்டு அல்லது ஐந்து அலைவரிசை வீதம் பல பட்டைகளைச் சுற்றிச் சுற்றிக் கேட்கும். அவ்வப்போது ஒவ்வொரு பட்டையிலும் தன் அழைப்புக் குறியை அறிவிக்கும். அதைக் கேட்ட நிலையங்கள் எந்தப் பட்டையில் எந்த நிலையம் எவ்வளவு தெளிவாக வந்தது என்று நினைவில் எழுதிக்கொள்ளும். பின்னர் அழைக்க நேரும்போது நினைவிலுள்ள சிறந்த பட்டையையே முதலில் நாடும். வானம் எந்த நேரத்தில் எங்கே திறக்கிறது என்ற பட்டறிவை, மூத்த ஹாம் ஒருவர் பல ஆண்டுகளில் சேர்ப்பதை, இப்பொறி நாள்தோறும் புதிதாகச் சேர்க்கிறது. தேடி அழைக்கும் வீண் முயற்சி குறைவதால் வானலையும் மிச்சமாகிறது.

என் அளவுகோலில் வைத்தால் பத்து நொடி நீளமுள்ள ஏஎல்இ அறிவிப்பு ஒன்று இருபதாயிரம் வரும். எஃப்டி8-இன் முப்பது மடங்குக்கும் மேல். ஆயினும் மணிக்கு ஒருமுறை மட்டும் அறிவித்தால் அந்த அலைவரிசையில் அது பிடிக்கும் நேரம் ஆயிரத்தில் மூன்று பங்கைத் தொடாது. அனுப்புமுன் கேட்பதும் இந்தத் தரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒதுக்குப்புறமான ஓர் அதிர்வெண்ணில் கூடுவதும் இதன் பயனர்களின் வழக்கம். 

அரசுகளின் விதிகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அமெரிக்க விதி, தானே இயங்கும் எண்ணிம நிலையங்களுக்கு இருபது மீட்டரில் 14.095 முதல் 14.0995 வரையும் 14.1005 முதல் 14.112 வரையும் இடம் தருகிறது. நடுவே விடப்பட்ட ஒரு கிலோஹெர்ட்ஸ் அந்த 18 அறிகுறி நிலையங்களுக்கான காப்பு. இக்கீற்றுகளுக்கு வெளியே தானியங்கி நிலையம் தானாக அழைக்கக் கூடாது. மனிதர் அழைத்தால் விடையளிக்கலாம், அதுவும் 500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள். இதைவிட நேர்த்தியான விதியை நான் அறியேன். அழைப்பதற்கும் விடையளிப்பதற்கும் வேறுபாடு காண்கிறது, அகலத்தை அளக்கிறது, புகலிடமும் தருகிறது. அதே நாட்டின் மற்றொரு விதியோ பல பத்தாண்டுகள் தவறான ஒன்றை அளந்தது. நொடிக்கு எத்தனை குறி மாறலாம் என்பதற்கு 300 என்று வரம்பிட்டது, அகலத்துக்கு வரம்பில்லை. விரைவாகச் சொல்லி முடித்து விலகக்கூடிய நிலையத்தை அது மெதுவாகப் பேசி நெடுநேரம் இருக்க வைத்தது. 2023 நவம்பரில் அவ்வரம்பை நீக்கி 2.8 கிலோஹெர்ட்ஸ் அகல வரம்பை வைத்தார்கள். அளவுகோல் சரியாகிவிட்டது, அளவு பெரிது. மோர்சும் பிஎஸ்கே31-உம் வாழும் பகுதிகளுக்கு 2.8 கிலோஹெர்ட்ஸ் மிகை. அங்கே 500 ஹெர்ட்ஸே தகும்.

மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். ஹாம் பட்டைகளைக் காவல் காப்பவர்கள் ஹாம்களே. பிறர் என்ன அனுப்புகிறார் என்பதைக் கேட்டறிந்தால்தான் அந்தக் காவல் நடக்கும். இறுக்கி அடைத்த பொதிகளை, தனியுடைமை மோடம் வழியாக, மூன்றாமவர் எளிதில் படிக்க இயலாத வடிவில் அனுப்பும் முறைகள் அந்தக் காவலைக் குருடாக்குகின்றன. எந்த முறையானாலும் அதைப் படிக்கும் வழி வெளிப்படையாகக் கிடைக்க வேண்டும்.

இத்துறைக்கான மென்பொருளை இன்று எழுதுபவர்கள் பெரும்பாலும் தனி ஆர்வலர்கள். தமிழ் இளைஞர்களும் அப்பணிக்கு வரலாம், வர வேண்டும். அவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஆளின்றி விடையளிக்கும் நிரல் எதை எழுதினாலும், அலைவரிசை காலியா என்று ஆராயும் உறுப்பை முதலில் எழுதுங்கள். நிறுவிய நொடியிலிருந்தே அது இயங்கட்டும். அதை அணைத்துவைக்கும் பொத்தானைத் திரையில் எங்கும் வைக்காதீர்கள்.